கொள்ளிடக் கரை: ஆழக் குழாயில் மட்டம் முதலில் ஏறுவது ஏன்?

மணல்மேடு:
ஆற்றோரத்திலிருந்து 40 மீ தள்ளி மூன்று பீசோமீட்டர் (நிலத்தடி நீரழுத்தத்தை மட்டமாகக் காட்டும் குழாய்), தனித்தனி போரில். துளை 100 மி.மீ., குழாய் 50 மி.மீ. பிவிசி, அடியில் 1 மீ ஸ்லாட் பைப் (நீர் நுழையக் கீறலிட்ட குழாய்). ஒன்று மேல் மணலில் (5 மீ), ஒன்று 3 மீ தடிப்புள்ள களிமண்ணில் (8 மீ), ஒன்று கீழ் மணலில் (14 மீ). ஆற்றில் தண்ணீர் திறந்தால் 14 மீ குழாய் அன்றைக்கே ஏறுகிறது. 5 மீ குழாய்க்கு ஒரு வாரம் ஆகிறது. நடுக் குழாய் அசையவே மாட்டேன் என்கிறது. ஆற்று நீர் கீழ் மணல் வழியாகத்தான் முதலில் வருகிறது என்று அறிக்கையில் எழுதலாமா?

அடிமணல்:
எழுதாதீர்கள். வந்து சேர்ந்தது அழுத்தம், தண்ணீர் அல்ல. மேல் மணலில் மட்டம் ஏற வேண்டுமானால் காலித் துளைகள் நிரம்ப வேண்டும். அங்கே சேமிப்புக் கெழு (மட்டம் 1 மீ ஏற ஒரு சதுர மீட்டருக்குத் தேவைப்படும் நீர், கன மீட்டரில்) 0.2 அளவில் இருக்கும். களிமண் மூடிய கீழ் மணலில் அது 0.0005 போல. தூரத்தின் வர்க்கத்தைக் கெழுவால் பெருக்கி, ஊடுகடத்து திறனால் (கடத்துதிறன் × தடிப்பு) வகுத்துப் பாருங்கள்; அழுத்தம் வந்து சேரும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். மணலின் கடத்துதிறன் (நீரைக் கடத்தும் திறன்) நாளுக்கு 10 மீ, தடிப்பு 5 மீ என்றால் மேலே 6.4 நாள், கீழே சுமார் 23 நிமிடம். தண்ணீர் நிஜமாக நகரும் வேகம் வேறு கணக்கு: நீர்மட்டச் சரிவு 0.002, நுண்துளைமை (மணலில் துளைகளின் பங்கு) 0.25 என்றால் நாளுக்கு 8 செ.மீ. 40 மீ கடக்க 500 நாள்.

களிமண்காரன்:
நடுக் குழாய் பழுதில்லை, தாமதம். களிமண்ணின் கடத்துதிறன் நாளுக்கு 0.0001 மீ என்று வைத்தால், ஹ்வோர்ஸ்லெவ் கணக்கில் (குழாய் மட்டம் வெளி அழுத்தத்தை எட்டும் தாமதத்தைத் தரும் சூத்திரம்) 50 மி.மீ. குழாயில் 63% மாற்றம் தெரியவே 9 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆறு இறங்கிவிடும். ஸ்லாட்டுக்கு மேலே பேக்கர் (குழாய்க்குள் உப்பி அடைக்கும் ரப்பர்) வைத்து அடைத்து, 12 மி.மீ. உள்குழாயில் மட்டம் பாருங்கள். அரை நாளாகக் குறையும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் வைப்ரேட்டிங் வயர் சென்சார் (அதிரும் கம்பியால் அழுத்தத்தை நேரடியாக அளப்பது).

மணல்மேடு:
14 மீ போரில் குழாயைச் சுற்றியுள்ள பென்டோனைட் (நனைந்தால் உப்பும் களிமண்) அடைப்பு கசிந்து, மேல் நீர் ஓரமாக இறங்கியிருக்குமோ?

அடிமணல்:
கசிந்திருந்தால் ஆழக் குழாய் 5 மீ குழாயோடு ஒட்டி நடந்திருக்கும்; அதை முந்தியிருக்காது. ஆனாலும் லாகரை (குழாய்க்குள் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவி) சரிபாருங்கள். மூடிய லாகரில் காற்றழுத்தத்தைக் கழிக்காவிட்டால் 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 1 செ.மீ. பிழை. குழாய் வாய்களுக்கு ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் சர்வே கருவி) வைத்து மட்டம் எடுத்தீர்களா? டேப்பில் அளந்த உயரத்தை நம்பி 3 செ.மீ. வித்தியாசத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

களிமண்காரன்:
கீழ் மணல் ஆற்றோடு எங்கே சேர்கிறது என்பதுதான் மிச்சக் கேள்வி. மணல் அள்ளிய பள்ளம் களிமண்ணை வெட்டியிருக்கலாம். அல்லது ஆற்று நீரின் எடை மட்டும் அழுத்தியிருக்கலாம். அப்படியானால் ஆறு உயர்ந்தே நிற்கும்போதும் குழாய் மட்டம் மெல்ல இறங்கும். நீர் மாதிரி எடுக்குமுன் குழாயில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு வெளியேற்றுங்கள். 50 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 2 லிட்டர், ஆக 10 மீ நீருக்கு 60 லிட்டர். பிறகு இசி (நீரின் மின்கடத்துதிறன், கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) அளந்து ஆற்று நீரோடு ஒப்பிடுங்கள். களிமண் குழாயில் மட்டும் இது வேண்டாம், திரும்ப நிரம்பாது.