2003 குவாலிஸ்: விலை வைத்ததும் விற்றதும்

அப்பா 2003-இல் வாங்கிய டொயோட்டா குவாலிஸ் ஜி.எஸ். வண்டியை, மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய நிலையில், 2025 நவம்பரில் ஈரோட்டில் விற்றேன். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் கேட்ட, பழைய கார் வாங்கி விற்கும் கன்சல்டிங்கில், வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், ஆண்டை மட்டும் கேட்டுவிட்டு ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றார்கள். குவாலிஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2000 முதல் 2005 வரை மட்டுமே இங்கு விற்ற வண்டி இது. எலக்ட்ரானிக்ஸ் சிக்கல் இல்லாத அந்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜினை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்துச் சேர்த்துவிடுவார். அதனால்தான் இதைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்று வாரம் கரூர், நாமக்கல், கோவை விளம்பரங்களைக் குறித்து வைத்தேன். ஒரே ஆண்டு வண்டிக்கு இரண்டே காலிலிருந்து மூன்றே முக்கால் லட்சம் வரை கேட்டிருந்தார்கள். அவ்வளவு வித்தியாசம் ஏன் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தபோது, பெரும்பாலும் எஃப்.சி., அதாவது ஆய்வு முடித்துப் புதுப்பித்த பதிவு, இன்னும் எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது என்பதில் வந்து நின்றது. எங்கள் வண்டிக்கு 2018-இல் பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, 2023-இல் மறுபடியும் புதுப்பித்ததால், 2028 வரை கவலையில்லை. இருபது ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ரூபாய் ஆகிவிட்டது. அதற்கு மேல் பசுமை வரியும், ஆய்வுக்குக் கொண்டுபோகும் முன் செய்யும் டிங்கரிங், பெயிண்ட் செலவும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்து மூன்றே கால் லட்சம் என்று விலை வைத்தேன்.

பின் சக்கர வளைவில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு இருந்தது. அதை மூடிப் பெயிண்ட் அடிக்காமல், விளம்பரத்தின் முதல் படமாகவே போட்டேன். அழைப்புகள் குறைந்தன என்பது உண்மைதான். ஆனால் நேரில் வந்த ஒருவரும் அந்தத் துருவைக் காட்டி விலையைக் குறைக்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் பெரிய டயர் மாட்டி, கூரையை மாற்றப் போவதாகச் சொன்னார். மூன்று லட்சம் தரத் தயாராக இருந்தும், அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியை அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து அழைத்த இளைஞர் விலையே கேட்கவில்லை. "அண்ணா, காலைல ஸ்டார்ட் பண்ணாம வெச்சிருங்க, நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ணோணும்" என்றார். மறுநாள் ஏழு மணிக்கு மெக்கானிக்குடன் வந்து, முதலில் பானட்டின் மேல் கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் இல்லை, அதாவது அந்த வழியாகப் புகை அடிக்கவில்லை என்று மெக்கானிக் தலையசைத்த பிறகுதான் உள்ளே ஏறினார். பழைய சீட் துணியையும் கம்பெனி ஜாக்கியையும் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதுகளை அப்பா ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் என்றார். நான் சம்மதித்தேன்.

வண்டியை அன்றே ஓட்டிச் செல்லலாமா என்று கேட்டார். பெயர் மாறாமல் கொடுப்பதில்லை என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் பெயர் உள்ளவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டோக்கன் அட்வான்ஸாகப் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் சேர்த்தே விண்ணப்பித்தோம். பன்னிரண்டாம் நாள் அவர் பெயரில் ஆர்.சி. வந்தது, மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு சாவிகளோடு அப்பாவின் ரசீதுக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.