சென்னை–விசாகப்பட்டினம் கப்பல்: ஐந்து பேருக்குக் கேபின் காட்டவில்லை, பணம் மட்டும் போய்விட்டது

பூந்தமல்லிக்காரன்:
வணக்கம். ஜூலையில் சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் சுற்றுலாக் கப்பலில் குடும்பத்தோடு போக ஆசைப்படுகிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், நான்கு வயது மகன், எழுபத்தொரு வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சமதரையில் நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம்.

கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இல்லாமல், பயண டிக்கெட் விற்கும் வேறொரு இணையதளத்தில் முன்பதிவு செய்ய முயன்றேன். ஐந்து பேர் என்று கொடுத்தால் எந்தத் தேதிக்கும் "கேபின் இல்லை" என்கிறது. நான்கு பேர் என்றால் எல்லாத் தேதியிலும் இருக்கிறது! சரி, இரண்டு கேபினாகப் பிரித்துக்கொள்வோம் என்று முதலில் மூன்று பேருக்கு யுபிஐ மூலம் பணம் கட்டினேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, முன்பதிவு எண் வரவில்லை. இரண்டாவது கேபினுக்குக் கட்டப் போனால் வங்கியே மறுத்துவிட்டது. முதல் பக்கத்தில் காட்டிய கட்டணத்துக்கும் கடைசிப் பக்கத்தில் கேட்ட தொகைக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதும் புரியவில்லை.

இன்னொன்று, அம்மாவின் பெயர். ஆதாரில் பெயரும் 'ஆர்' என்ற ஒற்றை இனிஷியலும்தான் இருக்கின்றன. படிவமோ குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது, ஒற்றை எழுத்தை ஏற்க மறுக்கிறது.

இதற்கிடையே ஒரு முகவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "நாளைக்குள் முழுப் பணத்தையும் அனுப்புங்கள், கடல் தெரியும் கேபின் உறுதி, எண் மட்டும் பிறகு வரும்" என்கிறார். அனுப்பலாமா? ஜன்னல் உள்ள கேபின் அவசியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரத்தான்:
முகவருக்கு இப்போதைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஐந்து பேருக்குக் காட்டாததற்குக் காரணம் எளிது. இந்தக் கப்பல்களில் சாதாரணக் கேபினில் கீழே இரண்டு படுக்கைகள், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் படுக்கை ஒன்றோ இரண்டோ. நான்கு பேருக்கு மேல் இடம் கிடையாது. நீங்கள் ஐந்து என்று கொடுத்ததும், ஐந்து பேர் தங்கும் ஒரே கேபினைத் தேடி, இல்லை என்று கைவிரித்துவிடுகிறது. தேடும்போதே "இரண்டு கேபின்" என்று தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் யார் யார் என்று பிரித்துக் கொடுங்கள்.

சில நேரம் கேபின் காலியாக இருந்தும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு கேபினும் குறிப்பிட்ட ஓர் உயிர்காப்புப் படகோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கான படகு இடங்கள் நிரம்பிவிட்டால் மேல் படுக்கைகளை விற்பதை நிறுத்திவிடுவார்கள். அப்போது கப்பலின் வேறு பகுதியில் உள்ள கேபினைப் பாருங்கள்.

கட்டண விஷயம்: முதல் பக்கத்தில் பெரிதாகப் போடுவது, இருவர் தங்கும் கேபினில் ஒருவருக்கான தொகை. அதன்மேல் துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று கடைசியில் ஏறும். நான்கு வயதுப் பையனுக்கும் இவற்றில் பெரும்பகுதி உண்டு. மூன்றாவது, நான்காவது ஆளுக்கு அடிப்படைக் கட்டணம் குறைவு என்பதால் நால்வரை ஒரே கேபினில் அடைத்து ஒருவரைத் தனியாக விட்டால் மிச்சமாகும் என்று தோன்றும். ஆகாது. தனி ஆளிடம் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் வாங்கிவிடுவார்கள். மூன்றும் இரண்டுமாகப் பிரிப்பதுதான் கணக்குக்குச் சரி.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
தம்பி, இரண்டாவது தடவை வங்கி மறுத்தது நல்லதாகப் போயிற்று. யுபிஐ மூலம் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. இரண்டு கேபினும் சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டியிருக்கலாம். உங்கள் கணக்கில் ஏதும் கோளாறு இல்லை.

முதல் தொகைக்கு வருவோம். பணம் கழிக்கப்பட்டு, விற்பவரிடமிருந்து உறுதிப்பாடு வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காமலேயே, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகாரைப் பதியுங்கள். 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்துவைத்து, டிக்கெட் விற்ற தளத்துக்கு மின்னஞ்சலும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசுவது சாட்சியாக நிற்காது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீராவிட்டால்தான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விற்பவர் மேல் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கூகுளில் "வாடிக்கையாளர் சேவை எண்" என்று தேடி, முதலில் கண்ணில் படும் எண்ணை அழைக்காதீர்கள். "பணத்தைத் திருப்பித் தருகிறோம், யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு எந்தக் காலத்திலும் ரகசிய எண் தேவையில்லை.

மறுபடி கட்டும்போது கடன் அட்டையோ நெட் பேங்கிங்கோ பயன்படுத்துங்கள். அதுவும் முதல் தொகையின் நிலை தெரிந்த பிறகு. பாதி வழியில் நின்ற பதிவு திடீரென்று உறுதியாகி, ஒரே கேபினுக்கு இரண்டு முறை கட்டியதாக ஆகிவிடக் கூடாது.

கரைக்கு வந்த மாலுமி:
சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன். கேபின் எங்கே இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை, ஜன்னலைத்தான் கேட்கிறார்கள்!

கப்பல் அலையில் ஏறி இறங்கும்போது முனையும் பின்பகுதியும்தான் அதிகம் தூக்கிப்போடும். நடுப்பகுதி அவ்வளவு அசையாது. பக்கவாட்டு ஆட்டம் உயரம் கூடக் கூடக் கூடும். ஆகவே அம்மாவுக்கு நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில், மின்தூக்கிக்கு அருகில் கேபின் எடுங்கள். ஆனால் மின்தூக்கிக்கு நேர் எதிரே வேண்டாம், இரவெல்லாம் ஆள் நடமாட்டம். தள வரைபடத்தை வைத்துக்கொண்டு கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடன அரங்குக்கு அடியில் படுத்தால் நடுநிசிக்குப் பிறகுதான் தூக்கம். முனையில் படுத்தால் துறைமுகம் நெருங்கும் அதிகாலையில் உந்து விசிறிகளின் இரைச்சல் எழுப்பிவிடும்.

குளியலறையைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் வெளியே வராதபடி வாசலில் உயரமான தடுப்பு வைத்திருப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் இரவில் தடுக்கி விழுவது அங்கேதான். தடுப்பில்லாத, அகலக் கதவுள்ள, கைப்பிடி வைத்த கேபின்கள் கொஞ்சம் இருக்கும். பதிவுசெய்யும்போதே கேட்க வேண்டும், ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. சக்கர நாற்காலி உதவியையும் அப்போதே எழுதிக் கேளுங்கள்.

கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1990இல் பிரான்சின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது, 211 மீட்டர் நீளம். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனிக் கேபின்கள் குறைவு, அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மேற்குக் கரையை விட்டு இந்தப் பக்கம் வருகிறது. சென்னையிலிருந்து முதலில் புறப்பட்டது 2022 ஜூனில். அதனால்தான் நம் பள்ளிகளின் கோடை விடுமுறை முடியும்போது கப்பல் வந்து நிற்கிறது, எல்லாரும் வார இறுதிக்கு அடித்துக்கொள்கிறார்கள். முடிந்தால் வார நாள் பயணமாகப் பாருங்கள்.

ஜூலையில் வங்கக் கடல் அரபிக்கடல் அளவுக்கு மோசமில்லை, குளம் மாதிரியும் இருக்காது. வடக்கே போகப் போகக் கொஞ்சம் ஆடும்.

ராயபுரத்தான்:
மாலுமி ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். கேபினில் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? ஜன்னல் இல்லாத உள்கேபினாக எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் விசாகப்பட்டினத்தில் நன்றாகச் சாப்பிடலாம். கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது.

கரைக்கு வந்த மாலுமி:
உங்களுக்கும் எனக்கும் சரி. எழுபது தாண்டியவர் நாளுக்கு இரண்டு முறை படுப்பார். உள்கேபினில் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. குமட்டல் வந்தால் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முதல் மருந்து. அம்மா இருக்கும் கேபினுக்கு மட்டும் ஜன்னல் எடுங்கள், மற்றது உள்கேபினாக இருக்கட்டும். ஆனால் "கடல் தெரியும்" என்று விற்கும் சில ஜன்னல்களுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கும். பார்வை மறைக்கப்பட்டது என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

குமட்டல் மாத்திரையைக் கடைக்காரரிடம் கேட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவோமின் போன்றவை மயக்கத் தூக்கம் தரும், அந்த நிலையில் ஆடும் கப்பலில் எழுந்து நடந்தால் விழுவார். அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்.

அடையாறு அக்கா:
பெயர்ச் சிக்கலுக்கு நான் வழி சொல்கிறேன், என் மாமியாருக்கும் இதே கதை. உள்நாட்டுப் பயணத்துக்கு ஆதார்தான் வேண்டும் என்றில்லை, அரசு தந்த வேறு புகைப்பட அடையாள அட்டையும் எடுபடும். அம்மாவின் வாக்காளர் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் அவர் பெயரும், தனி வரியில் கணவர் அல்லது தந்தை பெயரும் முழுதாக அச்சாகியிருக்கும். அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, அந்த அட்டையையே கொண்டுபோங்கள். துறைமுக வாயிலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டையும் அட்டையையும் ஒப்பிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். எழுத்துக்கூட்டல் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். "லக்ஷ்மி" என்று அட்டையில் இருந்தால் படிவத்தில் "லட்சுமி" ஆக்க வேண்டாம்.

அசல் அட்டை அவசியம். கைபேசியில் படத்தைக் காட்டி வாதாடிக்கொண்டிருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஆதார் எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை போகும் பயணத்தைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும்.

முகவர் சொல்லும் "எண் பிறகு வரும்" திட்டம் உங்களுக்கு ஆகாது. வகை மட்டும்தான் உறுதி, இடம் அவர்கள் கொடுப்பதுதான். ஒரு கேபின் முன்பக்கமும் மற்றது பின்பக்கமும் கிடைத்தால் இரவில் அம்மா கூப்பிட்டால் யார் ஓடுவது? இரண்டு எண்களையும் பார்த்து, அடுத்தடுத்தோ எதிரெதிரேயோ இருப்பதை உறுதிசெய்த பிறகு பணம் கட்டுங்கள். பணத்தைத் தன் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறாரா, நிறுவனக் கணக்குக்கா?

பூந்தமல்லிக்காரன்:
சொந்தக் கணக்குக்குத்தான் அக்கா. ரசீது கேட்டதும் "நம்பிக்கை இல்லையா" என்றார். விட்டுவிட்டேன்.

எப்படிப் பிரிப்பது என்றுதான் குழப்பம். அம்மாவும் மகளும் ஒன்றில், நாங்கள் மூவரும் இன்னொன்றில் என்று மனைவி சொல்கிறார்.

அடையாறு அக்கா:
அம்மாவுக்கு இரவில் துணை தேவையா என்பதைப் பொறுத்தது. தேவையென்றால் மனைவி அவரோடு தங்கட்டும், இருவருக்கும் கீழ்ப்படுக்கை. நீங்கள் பிள்ளைகளோடு. மகள் மேல் படுக்கையில் ஏறிக்கொள்வாள், பையனை அங்கே ஏற்றவே கூடாது. துணை தேவையில்லை என்றால் மனைவி சொன்னபடி செய்யலாம், அப்போது மேலே ஏறுவது நீங்கள்தான்.

தீவுக்காரன்:
கேபினில் படுத்து வங்கக் கடலைப் பார்க்க இவ்வளவு செலவா? சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது, மூன்று நாள் கடல்தான். பலர் ஒரே கூடத்தில் அடுக்குப் படுக்கைகளில் படுக்கும் பங்க் வகுப்பில் போய்ப் பாருங்கள்.

ராயபுரத்தான்:
எழுபத்தொரு வயது அம்மாவை பங்க் வகுப்பிலா? நீங்கள் போய் வாருங்கள்.

பூந்தமல்லிக்காரன்:
தகவல் சொல்ல வந்தேன். முதல் தொகை தானாகவே கணக்குக்குத் திரும்பிவிட்டது. பிறகு கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே இரண்டு கேபினாகத் தேடி, அட்டை மூலம் கட்டினோம். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுப்பகுதியில் ஜன்னல் கேபின், நானும் பிள்ளைகளும் நடைக்கு எதிர்ப்பக்கம் உள்கேபின். வாக்காளர் அட்டை யோசனை பலித்தது. தடுப்பில்லாத குளியலறை கிடைக்கவில்லை. கைப்பிடி இருக்கிறது என்று எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறேன்.

புயல் வந்தால் பணம் என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
நிறுவனமே பயணத்தை ரத்துசெய்வது வேறு, ஒரு துறைமுகத்தை மட்டும் விட்டுவிடுவது வேறு. பின்னதற்குப் பெரும்பாலும் பணம் கிடையாது, பாதையை மாற்ற மாலுமித் தலைவருக்கு உரிமை உண்டு என்று விதிகளில் போட்டிருப்பார்கள். நீங்களாக ரத்துசெய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். அந்த அட்டவணையை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். மே மாதம்தான் ஃபானி (2019), அம்பன் (2020) போன்றவை வந்த காலம், ஜூலையில் அந்தப் பயம் குறைவு.

கரைக்கு வந்த மாலுமி:
புறப்படும் முன் உயிர்காப்புப் பயிற்சிக்கு அழைப்பார்கள். அம்மாவால் கூடும் இடத்துக்குப் படியில் வர முடியாது என்று ஊழியரிடம் அன்றே சொல்லிவையுங்கள். ஆபத்தில் மின்தூக்கி ஓடாது, யார் கைகொடுத்து அழைத்துவருவது என்று அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

விசாகப்பட்டினத்தில் கடற்கரைச் சாலையிலுள்ள குர்சுரா நீர்மூழ்கி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போங்கள். உள்ளே குனிந்து, வட்டத் துளை வழியாகக் காலைத் தூக்கிவைத்து நுழைய வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம். அவரைக் கைலாசகிரிக்கு ரோப் காரில் ஏற்றுங்கள். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், அது கப்பல் புறப்படும் நேரம் அல்ல, அதற்கு வெகு முன்னால்.