‘இரங்கல்’ எழுதப் போய் ‘இறங்கல்’ ஆனது: எழுத்துப்பிழையை விரட்ட வழி உண்டா?

தடுமாற்றம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். உடன் பணியாற்றுபவரின் தந்தை காலமான செய்தி வந்ததும், அலுவலகக் குழுவில் முதல் ஆளாக ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதினேன். எனக்குக் கீழே பதினைந்து பேர் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினார்கள். பதினாறாவதாக வந்தவர் மட்டும் ‘இரங்கல்’ என்று எழுதிவிட்டுப் போனார். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழில்தான். பேச்சில் தயக்கமே கிடையாது. எழுத உட்கார்ந்தால் ர, ற கலந்துவிடுகின்றன; ல, ள, ழ கலந்துவிடுகின்றன; ன, ண பற்றிச் சொல்லவே வேண்டாம். சென்ற மாதம் ‘பனி நியமனம்’ என்று ஒரு கடிதம் அனுப்பினேன். அதற்கு முன்பு ‘மணம் நிறைந்த நன்றி’. பிழைதிருத்தி மென்பொருள் இவற்றில் எதற்கும் சிவப்புக் கோடு போடவில்லை.

இதுவரை செய்து பார்த்தவை: சொற்பட்டியலை மனப்பாடம் செய்தேன், இரண்டு வாரத்தில் மறந்தது. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், என் வாயில் ர, ற இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. நடுவில் க், ச், த், ப் போடும் விஷயத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது. என் கை எங்கே தோன்றுகிறதோ அங்கே போடும்.

மெய்ப்பு மேசை:

மென்பொருளைத் திட்ட வேண்டாம். இறங்கல், பனி, மணம் மூன்றுமே அகராதியில் உள்ள சொற்கள். சொல் இருக்கிறதா என்று அது பார்க்கும். இந்த வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று பெரும்பாலும் பார்க்காது. கோடு விழவில்லை என்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் ‘இறங்கல்’ எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ‘இறப்பு’ என்ற சொல் மனத்தில் ஓடியிருக்கும், கை தானாக ற பக்கம் போயிருக்கும். இரங்கல் என்பது இரக்கத்தின் உறவு. இறங்குதலுக்கு உறவு இறக்கம். ‘ஆழ்ந்த இறக்கம்’ என்று எழுதிப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

பட்டியல் ஏன் மறந்தது என்றால், அதில் சொற்களை நிற்க வைத்துப் பார்க்கிறீர்கள். நடக்க விட்டுப் பாருங்கள். வினைச்சொல்லை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோனால் அதன் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். செல், நில், வெல் ஆகியவை சென்றான், நின்றான், வென்றான் ஆகும். கல், வில் ஆகியவை கற்றான், விற்றான். ஆள், கொள், மீள் ஆகியவை ஆண்டான், கொண்டான், மீண்டான். கேள் என்பது கேட்டான். தின் என்பது தின்றான். உண் என்பது உண்டான். அதாவது ல, ன, ற மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ள, ண, ட மூன்றும் பக்கத்து வீடு. ழ தனிக்கட்டை, யாரோடும் சேராது: வாழ்ந்தான், வீழ்ந்தான், மகிழ்ந்தான்.

பெயர்ச்சொல்லுக்கும் இது பொருந்தும். கல்லில் செய்த சிலை கற்சிலை, முள் உள்ள செடி முட்செடி, நாள்தோறும் எழுதுவது நாட்குறிப்பு, பொன்னால் ஆன குடம் பொற்குடம். இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன். சந்தேகம் வந்தால் இன்றும் இதைத்தான் செய்கிறேன்.

எதற்கு_இவ்வளவு:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொருள் புரிந்தால் போதாதா? பதினைந்து பேருக்கும் புரிந்துதானே நகலெடுத்தார்கள்?

மெய்ப்பு மேசை:

சாவு செய்தி முன்பே தெரிந்ததால் புரிந்தது. அங்கே எழுத்து எந்த வேலையும் செய்யவில்லை. ‘சாவி அரையில் இருக்கிறது’ என்று ஒருவர் எழுதிவிட்டு வெளியே போய்விட்டால், படிப்பவர் அறையில் தேடுவதா, எழுதியவரின் இடுப்பில் தேடுவதா?

எதற்கு_இவ்வளவு:

தொலைபேசியில் கேட்டுக்கொள்வேன். ஆனாலும் சரி, விடுங்கள்.

தடுமாற்றம்:

நன்றி. உடனே சோதித்துப் பார்த்தேன். கொல் என்பது கொன்றான், கொள் என்பது கொண்டான். இந்த வயதில் இதைக் கண்டுபிடித்து மகிழ்ந்தது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து சொல்லின் நடுவில் இருந்தால் இந்தச் சோதனை வேலை செய்யவில்லையே! ‘விளைந்தது’, ‘விழைந்தான்’ இரண்டும் ஒரே மாதிரி நடக்கின்றன. எரிந்தது, எறிந்தது, அதுவும் அப்படியே.

பழைய கரும்பலகை:

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. கடைசி எழுத்துக்குத்தான் அந்தச் சோதனை. நடுவில் உள்ளவற்றுக்கு இரண்டு மூன்று கைப்பிடிகள் உண்டு. முழுக் கதவும் திறக்காது, பாதியாவது திறக்கும்.

ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந். வண்டி, கன்று, பந்து. இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. சொல்லின் தொடக்கத்தில் ண, ன இரண்டும் வராது, ந மட்டுமே வரும்.

ற-வுக்கு இன்னொரு வழி. ‘று’ என்று முடியும் பெயரோடு ‘இல்’ சேருங்கள்: கிணறு, வயிறு, சேறு என்பவை கிணற்றில், வயிற்றில், சேற்றில் என்று இரட்டிக்கும். ர ஒருபோதும் இரட்டிக்காது. வேர் வேரில்தான், சுவர் சுவரில்தான். ‘சுவற்றில் எழுதாதே’ என்று சுவரிலேயே எழுதி வைப்பவர்களை என்ன செய்வது!

ர, ற இரண்டும் உங்கள் வாயில் ஒன்றாக ஒலிப்பது உங்கள் குறை அன்று. தொல்காப்பியம் ர, ழ பிறக்கும்போது நாநுனி அண்ணத்தை ‘வருடும்’ என்கிறது. ற, ன பிறக்கும்போது ‘ஒற்றும்’ என்கிறது. அந்த வேறுபாடு இன்று பெரும்பாலோர் பேச்சில் தேய்ந்துவிட்டது. எனவே ர, ற விஷயத்தில் காதை நம்பாதீர்கள். ல, ள, ழ அப்படியில்லை. நாக்கைப் பழக்கினால் காது பிடித்துக்கொள்ளும். என் வகுப்பில் நான் பிழைப் பட்டியல் கொடுத்ததே இல்லை. ‘வலி, வளி, வழி’ என்று பத்து முறை சத்தமாகச் சொல்லவைப்பேன்.

தடுமாற்றம்:

ஐயா, த-வுக்கு முன்னால் மட்டும்தான் ந என்றால் ‘இயக்குனர்’ என்பதே சரி, அப்படித்தானே? அலுவலகப் பெயர்ப்பலகையில் ‘இயக்குநர்’ என்று இருக்கிறது.

பழைய கரும்பலகை:

பெயர்ப்பலகை சரி. நான்தான் அவசரப்பட்டேன். அங்கே இருப்பது ‘நர்’ என்னும் விகுதி. அது தன் ந-வை விடாது: ஓட்டுநர், வல்லுநர், பெறுநர், அனுப்புநர். இரண்டு சொற்கள் சேரும் இடத்திலும் ந நிற்கும்: செந்நெல், அந்நாள். முந்நூறு என்றால் 300. அதை ‘முன்னூறு’ என்று எழுதும் பழக்கம் கடிதங்களில் நிறையக் கண்ணில் படுகிறது.

விசைக்காரன்:

தட்டச்சுப் பக்கத்திலிருந்து ஒன்று. ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ் வரவைக்கும் முறையில் தட்டுகிறீர்களா? அதில் ல-வும் ள-வும் ஒரே விசையின் சிறிய, பெரிய எழுத்துகள். ன, ண இரண்டும் அப்படியே. அவசரத்தில் விரல் சிறிய எழுத்தில் நின்றுவிடும். உங்கள் ‘பனி நியமனம்’ அறியாமையாக இல்லாமல் விரல் செய்த பிழையாகவும் இருக்கலாம். தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வொரு மெய்க்கும் தனி விசை. பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதில் ண, ட என்று அடுத்தடுத்துத் தட்டினால் ண-வுக்குத் தானே புள்ளி விழும். ன, ற மற்றும் ந, த இணைகளுக்கும் அப்படித்தான். ஐயா சொன்ன அந்த இணைகள் விசைப்பலகைக்கே தெரியும்.

தடுமாற்றம்:

ஆம், ஒலிபெயர்ப்புதான். ஆனால் ‘மணம் நிறைந்த நன்றி’க்கு விரலைக் குறை சொல்ல முடியாது. பெரிய எழுத்தைத் தேடிப் பிடித்து அழுத்தியிருக்கிறேன். சரி, இப்போது பயமுறுத்தும் கேள்வி: க், ச், த், ப்?

மெய்ப்பு மேசை:

எல்லா விதிகளையும் இங்கே கொட்டினால் ஓடிவிடுவீர்கள். அன்றாட எழுத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ‘ஐ’, ‘கு’ உருபுகள் வெளிப்படையாக இருந்தால் மிகும், அதாவது இடையில் க், ச், த், ப் வரும்: கடிதத்தைப் படித்தேன், வேலைக்குப் போனேன். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றின் பின் மிகும். வரச் சொன்னார், ஓடிப் போனார், படித்துப் பார்த்தார் ஆகியவற்றிலும் மிகும். ஆனால் வந்து போனார், செய்து கொடுத்தார் இரண்டிலும் மிகாது. ‘வந்த பையன்’ போன்ற பெயரெச்சத்தில் மிகாது. ஊறுகாய் போல, காலம் காட்டாத வினை பெயரோடு ஒட்டி நிற்கும் வினைத்தொகையில் மிகவே மிகாது.

போடாமல் விடுவதைவிடக் கூடாத இடத்தில் போடுவதுதான் பொருளைக் கெடுக்கும். ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறீர்கள். ‘வேலைக் கொடு’ என்றால் எதிரில் இருப்பவர் கையிலுள்ள ஈட்டியைக் கேட்கிறீர்கள். ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானையிடமிருந்து வந்தது.

நான் நாள்தோறும் அடித்து அடித்துக் கை வலிக்கும் பிழை ஒன்று உண்டு: ‘முயற்ச்சி’, ‘காட்ச்சி’. ற், ட் இரண்டும் வல்லின மெய். அவற்றின் பின் இன்னொரு மெய்யைச் செருக முடியாது. முயற்சி, பயிற்சி, காட்சி, ஆட்சி. ய், ர், ழ் மூன்றும் இடம் கொடுக்கும்: காய்ச்சல், வளர்ச்சி, மகிழ்ச்சி.

எதற்கு_இவ்வளவு:

நான் இத்தனை ஆண்டும் ‘முயற்ச்சி’ என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?

பழைய கரும்பலகை:

வாழ்த்துகள். க் போட்டால் வாழ்த்தோடு கள்ளும் சேர்ந்துவிடும் என்று என் ஆசிரியர் சொல்வார். இரண்டும் சரி என்பவர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

தடுமாற்றம்:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். பழைய கடிதங்கள் பத்தை எடுத்துத் திருத்தினேன். 41 பிழைகள். அவற்றில் 19 ஒற்று, அதாவது அந்த க், ச், த், ப்; அதிலும் பாதிக்கு மேல் தேவையில்லாமல் போட்டவை. இறந்தகாலச் சோதனையிலும் ‘இல்’ சோதனையிலும் சேர்த்து 9 சிக்கின. மீதியில் ஒன்று மட்டும் எந்தச் சோதனைக்கும் பிடிபடவில்லை: கறுப்பா, கருப்பா? தேடிய இடமெல்லாம் இரண்டும் இருக்கின்றன.

மெய்ப்பு மேசை:

இரண்டும் இருக்கும். ‘கறுப்பும் சிவப்பும்’ என்று தொல்காப்பியத்திலேயே ற-வோடு வருகிறது. கருமை, கருங்கல், கருவிழி பக்கமிருந்து வந்தவர்கள் ர போடுகிறார்கள். கருப்பு என்றால் பஞ்சம் என்றும் பொருள் உண்டு என்பதால் நான் ற போடுகிறேன். நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டும் வந்தால் மட்டும் சிவப்பு மையை எடுப்பேன்.