கண்ணாடி மூடியிருந்தும் காருக்குள் மழைத்தண்ணீர், வழி எது?

மடிப்பாக்கம்வாசி:
பழைய ஹேட்ச்பேக், சன்ரூஃப் கிடையாது. சென்னையில் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து முன்சீட்டு இடது காலடியில் மேட் சொதசொதவென்று இருக்கிறது, காலையில் கதவைத் திறந்தால் மக்கல் வாடை, கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி. மெக்கானிக் நாலு கதவு ரப்பரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பழையவண்டி:
ரப்பருக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள், எனக்கு அந்த வேப்பமரத்தின் மேல்தான் சந்தேகம். பானட்டைத் திறந்தால் வைப்பருக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். முன்கண்ணாடியில் வழிகிற தண்ணீரெல்லாம் அதற்குள் விழுந்து இரண்டு ஓரத்து ஓட்டை வழியாகக் கீழே போகவேண்டும். இலையும் பூவும் மக்கி அங்கே அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி, ஏசி வெளிக்காற்றை இழுக்கிற வாய் வழியாக உள்ளே இறங்கும். நம் ஊர் வண்டிகளில் ஏசி காற்றை ஊதுகிற புளோயர் பெரும்பாலும் இடது பக்கம், அதனால் நனைவதும் அந்தக் காலடிதான். குப்பையைக் கையால் அள்ளுங்கள், ஓட்டைக்குள் தள்ளிவிடாதீர்கள். அப்புறம் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் வண்டிக்கு அடியில் கொட்டவேண்டும்.

குளிர்காற்று:
மழை இல்லாத நாளிலும் நனைகிறதா? அப்படியென்றால் ஏசி தண்ணீர் வடிகிற குழாய் அடைத்திருக்கும். ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட், வேறு கதை.

மடிப்பாக்கம்வாசி:
மூடியைக் கழற்றினேன், உள்ளே ஒரு கூடை சருகு! இப்போது தண்ணீர் சரியாக வடிகிறது. மேட்டை வெயிலில் போட்டால் போதுமா?

பழையவண்டி:
போதாது. கார்ப்பெட்டுக்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கும், மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அது தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், வாடையும் துருவும் அங்கிருந்துதான். ஓரத்துப் பிளாஸ்டிக்கை எடுத்து கார்ப்பெட்டைத் தூக்கி, ஈரம் உறிஞ்சும் வேக்குவம் வைத்து இழுங்கள், மிச்சத்துக்குப் பழைய நியூஸ்பேப்பர் திணித்து மாற்றிக்கொண்டே இருங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் வயர், அதில் கைவைக்கவேண்டாம். மழைநாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு ஓட்டினாலே உள்ளிருக்கும் ஈரம் குறையும்.

மேம்பாலம்_பார்க்கிங்:
இதெல்லாம் மேலிருந்து வருகிற தண்ணீருக்கு. 2023 மிக்ஜாம் புயல் மாதிரி தண்ணீர் தெருவில் தேங்கி உள்ளே ஏறினால் சாவியையே தொடாதீர்கள். எஞ்சினுக்குள் போன தண்ணீர் காற்று மாதிரி அமுங்காது, ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் (ஆட்-ஆன்) இல்லாத இன்சூரன்ஸ் பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். முடிந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று போட்டோ எடுத்து, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் எங்கள் ஆட்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றிவிடுவது இந்தப் பயத்தில்தான்.