ஆரஞ்சுச் சட்டையும் எட்டு வயதுப் பிள்ளையும்

கேள்வி: டொராண்டோ வந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளை செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டையில் அனுப்பச் சொல்லிப் பள்ளியிலிருந்து மின்னஞ்சல். இனவெறி பற்றிப் பேசுவார்களாம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா அக்கா?

பதில்: தேவைதான் தங்கச்சி. ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண் 1973-ல், ஆறு வயதில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு விடுதிப் பள்ளிக்குப் போனார். பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சுச் சட்டையை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள், திருப்பித் தரவே இல்லை. அதன் நினைவாகத்தான் செப்டம்பர் 30-ல் ஆரஞ்சுச் சட்டை. சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் இப்படிப்பட்ட பள்ளிகளில் இருந்திருக்கிறார்கள். அரசு பணம் கொடுத்தது, தேவாலயங்கள் நடத்தின, தாய்மொழியில் பேசினால் அடி. கடைசிப் பள்ளியை மூடியது 1990களில்தான். உங்கள் மகளிடம் மொழியிலிருந்தே தொடங்குங்கள். தமிழில் பேசினால் அடிப்போம் என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேளுங்கள், எட்டு வயதுக்கு நன்றாகவே புரியும். அந்தப் பள்ளிகளிலேயே இறந்து, வீடு திரும்பாத பிள்ளைகளைப் பற்றி அவளாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், படங்கள் காட்ட வேண்டாம்.

அப்புறம், பள்ளியைவிட வீட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நாங்கள் வந்த இரண்டாம் வருடம், என் மகன் ஒரு கறுப்பினப் பையனைத் தமிழில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பக்கத்திலிருந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை அதன் பொருளைச் சொல்லிவிட, அந்தப் பையன் அழுதிருக்கிறான். ஆசிரியை எங்களை அழைத்தார். அந்த வார்த்தையை என் மகன் எங்கள் காரில் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி கற்றிருக்கிறான். சிக்னலில் நிற்கும்போது நாங்கள் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை. அந்தப் பையனின் அம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். அன்றிலிருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை.

ஜாதிப் பேச்சும் அப்படித்தான். 2023 மார்ச்சில் டொராண்டோ பள்ளி வாரியம் ஜாதிப் பாகுபாட்டைத் தன் பள்ளிகளின் பிரச்சினையாக ஏற்றுத் தீர்மானம் போட்டது. ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டத்தின் கீழும் அது வரும். நண்பர்களிடம் "என்ன ஆளுங்க" என்று விசாரிக்கும்படி பிள்ளையிடம் சொல்லும் உறவினர்கள் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

உங்கள் மகளை யாராவது நிறத்தையோ சாப்பாட்டையோ சொல்லிக் கேலி செய்தால், "விடு, கண்டுக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்த நாள், யார், என்ன வார்த்தை என்று குறித்து, வகுப்பு ஆசிரியருக்கும் முதல்வருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது பதிவில் இருக்காது. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

ஆரஞ்சுச் சட்டை வீட்டில் இருந்தால் அதுவே போதும். வாங்குவதென்றால் பணம் பூர்வகுடி அமைப்புகளுக்குப் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அன்று மாலை மகள் வந்து என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.