சங்கக் கணக்கு ஆப்ப எல்லாரும் போட்டிருக்காங்க, ஆனா நம்புறாங்க இல்ல

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு படுவான்கரையில ஒரு மாதர் சங்கத்துக்கு சேமிப்பு, கடன் கணக்கு பாக்கிற ஆப் ஒண்டு செஞ்சு குடுத்திருக்கன். கொக்கட்டிச்சோலையில இருந்து இன்னும் உள்ளுக்குப் போகணும், சிக்னல் வரும் போகும். அங்கத்தவர் எல்லாரும் ஆப்ப இறக்கிற்றாங்க. ஆனா கூட்டத்தில காசு கட்டினா, ஆப்பில பதிஞ்ச பிறகும் "கொப்பியிலயும் எழுதுங்க அக்கா" எண்டு நிக்கிறாங்க. பொருளாளருக்கு ரெட்டை வேலை. பூட்டுப் படம், "உங்கள் தரவு பாதுகாப்பானது" எண்டு பச்சை எழுத்து, கைரேகை எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. நிறம், வடிவம் மாத்தணுமா, இல்லாட்டி பயிற்சி வைக்கணுமா?

சிட்டைக்காரி:
தம்பி, நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் கனகாலம் சங்கப் பொருளாளரா இருந்தவள். முதல்ல அந்தப் பூட்டுப் படத்தத் தூக்குங்க. கள்ளக் கடன் ஆப்பில அதவிடப் பெரிய பூட்டு இருக்கும்.

உங்கட ஆப் திறந்ததும் போன் நம்பர் லிஸ்ட்டப் பாக்க அனுமதி கேக்குதா? கேட்டா அதோட சரி. எங்கட ஊரில ஒரு புள்ள போனில கடன் எடுத்து, தவணை பிந்தினதும் அவட லிஸ்ட்டில இருந்த ஆக்களுக்கெல்லாம் கோல் எடுத்து மானத்த வாங்கிற்றானுகள். கடன் ஆப்புகள் நம்பர் லிஸ்ட்டையும் படங்களையும் தொடக் கூடாதெண்டு கூகுள் பிளே 2023 மே 31இல இருந்து தடுத்திருக்கு. பயம் மட்டும் போகல்ல.

மறுகா, காசு கட்டுற நேரத்தப் பாருங்க. கொப்பியில எண்டா நான் காசச் சத்தமா எண்ணுவன், எழுதுவன், கொப்பியத் திருப்பி அவட பக்கம் வைப்பன், அவ கையொப்பம் வைப்பா. பிழைச்சா ஒரு கோடு இழுத்து மேல சரியா எழுதி ரெண்டு பேரும் வைப்பம். வெட்டின கணக்கும் கண்ணுக்குத் தெரியும். உங்கட ஆப்பில "சமர்ப்பி"ய அமத்தினா சக்கரம் சுத்துது. காசு பொருளாளர்ட கையில, சிக்னல் இல்ல. அந்தப் பொம்புள என்னத்த நம்பி வீட்ட போவா? கொப்பி கேக்காம என்ன செய்வா?

வாவிக்கரை:
ஏன் இவ்வளவு கரைச்சல்? கொப்பிப் பக்கத்தப் படம் புடிச்சு வட்ஸ்அப் குறூப்பில போட்டா முடிஞ்சுது.

சிட்டைக்காரி:
போட்டுப் பாத்த சங்கம் இருக்கு தம்பி. ஆருக்குத் தவணை பிந்திற்று எண்டு ஊரே பாத்து, கூட்டத்துக்கு வாறத்த விட்ட ஆக்களும் இருக்காங்க.

அக்கரைப்பற்றான்:
அக்கா சொல்ற சக்கரப் பிரச்சினைக்கு வழி இருக்கு. காசு பதியக்குள்ளயே அந்தப் போன் ஒரு தனி இலக்கம் போட்டு உள்ளுக்குச் சேமிக்கட்டும். திரையில "1,000 ரூபா இந்தப் போனில எழுதியாச்சு, சிக்னல் வந்ததும் சங்கக் கணக்குக்குப் போகும்" எண்டு காட்டுங்க. போய்ச் சேந்தா வேற சொல், வேற நிறம். அவதியில ரெண்டு தரம் அமத்தினாலும் ஒரே இலக்கம் எண்டா சேர்வர் ஒண்டத்தான் எடுக்கும், காசு ரெட்டிக்காது. பிழை திருத்தினா பழைய வரிய அழிக்காதீங்க, வெட்டினதாக் காட்டி, ஆர் எப்ப திருத்தின எண்டும் போடுங்க.

நம்பர் லிஸ்ட் கேக்கிற வேலையே வேணாம். தனிப்பட்ட தரவுகளப் பாதுகாக்கிற 2022இன் 9ஆம் இலக்கச் சட்டமும் தேவைக்கு மேல எடுக்காதே எண்டுதான் சொல்லுது.

காசு சேந்ததும் அங்கத்தவருக்கு ஒரு எஸ்எம்எஸ், கட்டின தொகையும் மொத்த மிச்சமும். தமிழ் எண்டா ஒரு எஸ்எம்எஸ்ஸில 70 எழுத்துத்தான் கொள்ளும், இங்கிலீசில 160. "கொ" ஒண்டே ரெண்டா எண்ணுப்படும். அதால வணக்கம், நன்றி எல்லாம் வேணாம்.

கல்லடிப்பாலம்:
இலக்கம் போடுற வேலைய இண்டைக்கே தொடங்கிறன். எஸ்எம்எஸ்ஸும் நல்ல யோசினை.

சிட்டைக்காரி:
எஸ்எம்எஸ் சரி, மிச்சத்த மட்டும் அதில போடாதீங்க. அங்க கனபேர்ட போன் மகன்ட கையில, இல்லாட்டி மனுசன்ட சட்டைப் பையில. பொம்புள ஆருக்கும் சொல்லாம சேத்து வைக்கிற காசு அது, மகள்ட தோட்டுக்கோ, வயசுக்கு வந்தா செலவுக்கோ. மொத்தத் தொகை திரையில மின்னினா, அடுத்த கிழமை அவ காசெடுக்கத்தான் வருவா. கட்டின தொகை, திகதி, பொருளாளர்ட பேர் போதும். மிச்சத்த ஆப்புக்குள்ள பின் நம்பர் போட்டுப் பாக்கட்டும்.

அக்கரைப்பற்றான்:
பின் மறந்தா, அக்கா?

சிட்டைக்காரி:
கூட்டத்தில பொருளாளரிட்ட வந்து மாத்தட்டும். எஸ்எம்எஸ்ஸில கோட் அனுப்பினா அதுவும் மகன்ட கையிலதானே போய் நிக்கும்.