எம்எஸ்-டாஸ் 2.11, 3.3, 5.0: பழைய 286 கணினிக்கு எது பொருந்தும்?

மேலூர் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த, 286 செயலி கொண்ட கணினி ஒன்றை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மீண்டும் இயக்கியிருக்கிறோம். 2 மெகாபைட் நினைவகமும் 40 மெகாபைட் வன்தட்டும் கொண்ட அதனுடன் எம்எஸ்-டாஸ் (சுருக்கமாக டாஸ்) இயக்க முறைமையின் 2.11, 3.3, 5.0 பதிப்புகள் கொண்ட பிளாப்பிகளும் (நெகிழ்வட்டுகள்) கிடைத்தன. பார்வைக்கு மூன்றும் ஒரே கறுப்புத் திரைதான். உள்ளே இவை எவ்வாறு வேறுபடுகின்றன, எதை நிறுவலாம் என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சிம்மக்கல் வாசகர்:
வணக்கம் ஐயா. டாஸின் ஒவ்வொரு பதிப்பும் அந்தந்தக் காலத்து வட்டுகளுக்கு ஈடுகொடுக்கவே பெரும்பாலும் எழுதப்பட்டது. 1981இல் வந்த முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. 160 கிலோபைட் பிளாப்பியில் அடங்கும் சில கோப்புகளுக்கு அவை தேவைப்படவும் இல்லை. ஐபிஎம் எக்ஸ்டி கணினி 10 மெகாபைட் வன்தட்டுடன் 1983இல் வந்தபோது, அதற்கென எழுதப்பட்ட 2.0இல்தான் கோப்புறைக்குள் கோப்புறை வைக்கும் வசதி சேர்ந்தது. 1.2 மெகாபைட் பிளாப்பிக்கான ஆதரவு 1984இல் 3.0உடனும், 1.44 மெகாபைட் பிளாப்பிக்கான ஆதரவு 1987இல் 3.3உடனும் வந்தன. ஆகவே 2.11ஐக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வன்தட்டைப் பொறுத்தவரை 3.3இல் ஒரு தடை உண்டு. அது வட்டின் செக்டர்களை, அதாவது தரவு பதியும் சிறு துண்டுகளை, 16 பிட் எண்ணால் எண்ணுகிறது; அதனால் 65,536 வரைதான் எண்ண முடியும். ஒவ்வொரு செக்டரும் 512 பைட் என்பதால் வட்டின் ஒரு பிரிவு (பார்ட்டிஷன்) 32 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. எனவே 40 மெகாபைட்டை சி, டி என்று இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். 5.0இல் முழு வட்டும் ஒரே பிரிவாக இருக்கலாம்.

திருப்பரங்குன்றத்தார்:
மேலே சொன்னதோடு நினைவகத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டாஸ் நிரல்களுக்கு அடிப்படையில் கிடைப்பது 640 கிலோபைட். அதிலும் ஒரு பங்கை டாஸே எடுத்துக்கொள்ளும். 1991இல் வந்த 5.0, ஹைமெம் என்ற நினைவக இயக்கியின் துணையுடன் தன் பெரும்பகுதியை 1 மெகாபைட்டுக்கு மேலுள்ள இடத்துக்கு நகர்த்திக்கொள்வதால், நிரல்களுக்கான இடம் கூடுகிறது. 1 மெகாபைட்டுக்கு மேல் எட்ட முடியாத 8088 செயலி கொண்ட கணினியில் இது நடக்காது. உங்களுடையது 286 என்பதால் நடக்கும். எட்லின் என்ற பழைய உரைத்திருத்தியில் வரிவரியாகத் திருத்திய காலத்தை முடித்துவைத்த முழுத்திரை எடிட் நிரலும், அழித்த கோப்பை மீட்கும் அன்டிலீட் கட்டளையும் 5.0இல் வந்தவையே. தயங்காமல் அதையே நிறுவுங்கள் என்பது என் கருத்து.

மேலூர் ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. 5.0ஐ நிறுவிய பின், 3.3 பிளாப்பியிலிருந்து கணினியைத் தொடங்கி மாணவர்களுக்கு வேறுபாட்டைக் காட்ட இயலுமா?

சிம்மக்கல் வாசகர்:
தொடங்கலாம் ஐயா, ஆனால் 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட பிரிவை 3.3 அடையாளம் காணாது என்பதால் சி வட்டு இல்லை என்றே சொல்லும். மாணவர்களுக்கு அதுவே நல்ல பாடமாக அமையும். வட்டைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பிரிவுகளை மாற்றினால் வட்டிலுள்ள அனைத்தும் போய்விடும். பள்ளியின் பழைய கோப்புகள் ஏதேனும் அதில் இருந்தால், முதலில் அவற்றைப் பிளாப்பியில் படியெடுத்துவிடுங்கள்.